வறண்ட தோட்டத்தில் ஆவாரை: விதையிலிருந்து பூ வரை

சித்திரை வெயிலில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடுகிறது. வீட்டு வாசலில் குரோட்டன்ஸ் கருகுகிறது, புல்தரை வைக்கோல் நிறமாகிறது. அதே வாரத்தில் ஊருக்கு வெளியே உள்ள சரளை மேட்டுக்குப் போய்ப் பாருங்கள். யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாத இடத்தில் ஆவாரை பச்சையாக நிற்கும். கிளை நுனியில் இரண்டு மூன்று மஞ்சள் கொத்துகளும் இருக்கும். மழைக்காலம் வந்தால் அந்த மேடே பொன்னிறமாகும்.

இவ்வளவு கடினமான இடத்தில் தானாக வளரும் செடி வீட்டுத் தோட்டத்தில் மட்டும் ஏன் செத்துப்போகிறது? பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நானும் ஒரு காலத்தில் இதே குழப்பத்தில் இருந்தேன். சாலையோரத்திலிருந்து இடுப்பளவு வளர்ந்த மூன்று செடிகளைக் கடப்பாரையால் பெயர்த்து வந்து, குழி நிறையத் தொழு உரம் போட்டு நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பத்தே நாளில் மூன்றும் காய்ந்தன. வேர் அறுந்தது முதல் தவறு, தண்ணீர் தேங்கியது இரண்டாவது தவறு. இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டால் ஆவாரை வளர்ப்பதில் பெரிய சிரமம் ஏதும் இல்லை. விதையிலிருந்து வளர்க்க வேண்டும், முதல் ஆண்டு கவனிக்க வேண்டும், இரண்டாம் ஆண்டிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சரியான செடியை அடையாளம் காணுங்கள்

ஆவாரை, ஆவிரை, ஆவாரம் எல்லாம் ஒரே செடியின் பெயர்கள். தாவரவியலில் இது சென்னா ஆரிகுலேட்டா. பழைய நூல்களில் காசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும். தெலுங்கில் தங்கேடு, சிங்களத்தில் ரணவரா. தெலங்கானா தனி மாநிலமானபோது இதையே தன் மாநில மலராக ஏற்றுக்கொண்டது. தென்னிந்தியா, இலங்கையின் வறண்ட நிலங்கள் இதற்குச் சொந்த மண்.

மஞ்சள் பூவை மட்டும் பார்த்து நாற்று வாங்கினால் ஏமாறுவோம். நர்சரிகளில் அழகுக்காக விற்கும் காசியா வகைகள் பல இருக்கின்றன. அவற்றுக்கும் மஞ்சள் பூதான். வயல் வரப்பில் களையாக முளைக்கும் பொன்னாவிரையையும் சிலர் இதுவென்றே நினைக்கிறார்கள். ஆவாரையைச் சந்தேகமில்லாமல் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே காது மடல் போல அகன்று வளைந்த சின்ன இலைத்துண்டு ஒட்டியிருக்கும். ஆரிகுலேட்டா என்றால் 'காதுடையது' என்று பொருள், அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். ஒரு காம்பில் பெரும்பாலும் 8 முதல் 12 இணைச் சிற்றிலைகள் இருக்கும், அவற்றின் நுனி மழுங்கியிருக்கும். பொன்னாவிரையில் நான்கைந்து இணைகளே, நுனி கூராக இருக்கும். ஆவாரையின் காய் தட்டையானது. காய்ந்தால் காகிதம் போல மெலிந்து, உள்ளே விதை இருக்கும் இடங்கள் வெளியிலேயே புடைத்துத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அயல்நாட்டு மரம் பரவி, அதை அகற்ற வனத்துறை பாடுபட்டு வருகிறது. அதுவும் மஞ்சள் பூ பூக்கும், ஆவாரைக்கு உறவும்கூட. தெரியாமல் அதன் விதையைக் கொண்டுவந்துவிடாதீர்கள். அது மரம், ஆவாரை புதர். ஆள் உயரத்தை ஒட்டி நின்றுவிடும் செடியிலிருந்து மட்டும் விதை எடுங்கள்.

இடம்

வெயில், வெயில், வெயில். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் ஆவாரையை வைக்கவேண்டாம். மாமர நிழலில் வைத்தால் வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக வளரும், பூக்காது.

மண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். செம்மண், சரளை, சுக்கான்கல் கலந்த மண், கொஞ்சம் களர் சாயல் உள்ள மண் எல்லாவற்றிலும் வளரும். கரிசலிலும் வளரும். ஆனால் கரிசல் மழைக்காலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், அங்கே ஓர் அடி உயரத்துக்கு மண்ணைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் நடவேண்டும். வடிகால் இருக்கிறதா என்று சோதிக்க ஓர் அடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் மேடு அவசியம்.

வாழை, செம்பருத்தி, புல்தரை ஆகியவற்றின் அருகே ஆவாரையை நடுவது பொருந்தாத கூட்டு. அவற்றுக்கு ஊற்றும் தண்ணீர் இதன் வேரையும் நனைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர்க் குழாய் எட்டாத மூலை, சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம், வண்டிப்பாதை ஓரம், எதை நட்டாலும் காய்கிறது என்று நீங்கள் கைவிட்ட இடம், இவையே இதற்கு ஏற்றவை.

விதை சேகரிப்பு

பூத்து முடிந்த சில மாதங்களில் காய்கள் பழுப்பாகும். அசைத்தால் உள்ளே விதை கலகலக்கும். அப்போது பறிக்கலாம். ஒரே செடியை மொட்டையடிக்காமல் பத்துப் பதினைந்து செடிகளிலிருந்து இரண்டிரண்டு காயாக எடுங்கள். பல தாய்களின் விதை கலந்திருந்தால் உங்கள் தோட்டத்துச் செடிகள் ஒரே மாதிரி பலவீனம் கொண்டவையாக இருக்காது, மேட்டில் இருப்பவற்றுக்கும் விதை மிஞ்சும். ஒரு காயில் ஏறத்தாழ 12 முதல் 20 விதைகள் இருக்கும், எனவே கைப்பிடி காய் போதும்.

விதைகளைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகப் பாருங்கள். சின்ன வட்டத் துளை உள்ளவற்றை எறிந்துவிடுங்கள், விதை வண்டு உள்ளே தின்று வெளியேறிய துளை அது. மிச்சத்தை ஈரமில்லாமல் காகித உறையில் வைத்தால் ஓரிரு ஆண்டுகள்கூட முளைப்புத் திறன் குறையாமல் கிடக்கும். விதையின் மேலுறை கெட்டியானது, அதுதான் காரணம்.

அந்தக் கெட்டி உறையை எப்படி உடைப்பது

பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆவாரை விதையை அப்படியே மண்ணில் போட்டால் நூற்றில் சிலதான் அந்தப் பருவத்தில் முளைக்கும். மற்றவை மண்ணுக்குள் உறங்கும். ஒரு மழைக்கே எல்லாம் முளைத்து, அடுத்து மழை பொய்த்தால் எல்லாமே சாகும் அல்லவா? அதனால் விதை தண்ணீரை உள்ளே விடாத உறையைப் போர்த்திக்கொண்டு, சில இந்த ஆண்டு, சில அடுத்த ஆண்டு என்று தவணை முறையில் முளைக்கிறது. மேட்டு நிலத்தில் இது பெரிய பலம். நாற்றுப் பையில் இதுவே நமக்குத் தடை.

உறையை இளக்க வெந்நீர் போதும். தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்குங்கள். கொதி அடங்கியதும், ஓரிரு நிமிடம் கழித்து, விதைகளைப் போடுங்கள். தண்ணீரின் அளவு விதையைப் போலப் பத்து மடங்காவது இருக்கட்டும். அடுப்பில் வைத்து வேகவைத்துவிடக் கூடாது. அப்படியே மூடி வைத்து ஓர் இரவு ஆறவிடுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் இரண்டு மடங்கு உப்பியிருக்கும். அவை தண்ணீர் குடித்த விதைகள், அன்றே விதைக்கவேண்டும். உப்பாமல் கல் போல் கிடப்பவற்றை எறியவேண்டாம். உப்புத்தாளில் ஒரு பக்கத்தை மட்டும் லேசாக உரசி, மீண்டும் சாதாரணத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். விதையில் முளை இருக்கும் கூர்முனையை உரசாமல் அதற்கு எதிர்ப்பக்கத்தை உரசுங்கள். உள்ளிருக்கும் வெளிர்நிறம் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

நிறைய விதை இருந்தால் ஒவ்வொன்றாக உரச நேரம் இருக்காது. பருமணலோடு கலந்து சாக்குத்துணியில் முடிந்து, தரையில் வைத்துக் கையால் அழுத்தித் தேய்க்கலாம். பளபளப்பு மங்கும் வரை தேய்த்தால் சரி. தொழிற்சாலை அமிலத்தில் முக்கும் முறையும் உண்டு, அதை வீட்டில் செய்யவே கூடாது.

நாற்றா, நேரடி விதைப்பா?

முடிந்தால் நேரடி விதைப்பு. ஆவாரையின் ஆணிவேர் முளைத்த நாள் முதல் கீழ்நோக்கி ஓடும். மேலே நான்கு இலை தெரியும்போது கீழே அதைவிட நீளமாக வேர் இறங்கியிருக்கும். எந்தப் பையும் அந்த வேகத்துக்கு இடம் கொடுக்காது.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. நம் நாள்காட்டி அதையொட்டி அமையட்டும். புரட்டாசிக் கடைசியில் இடத்தைக் கொத்தி, ஓர் அடி ஆழத்துக்குப் பொலபொலப்பாக்கி வையுங்கள். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்து மண் நனைந்த மறுநாள், ஊறிய விதைகளை ஓர் இடத்துக்கு மூன்று நான்காக, விரற்கடை ஆழத்தில் ஊன்றி மண்ணால் மூடுங்கள். ஒன்று இரண்டு வாரங்களில் முளை தெரியும். ஒரு சாண் வளர்ந்ததும் வலுவான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கத்தரியால் தரையோடு வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் அசையும்.

நேரடியாக விதைக்க வழியில்லாதவர்கள், ஆடு மாடு மிதிக்கும் இடத்துக்காரர்கள், நாற்று வளர்க்கலாம். ஆடி அல்லது ஆவணியில் பையில் விதைத்தால் ஐப்பசி மழைக்கு நாற்று தயாராக இருக்கும். அகலத்தைவிட ஆழம் அதிகமுள்ள பையாக எடுங்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் போதும். தேங்காய் நார்க்கழிவை நிறையச் சேர்க்கவேண்டாம், ஈரம் விடாமல் பிடித்து நாற்றின் தூரை அழுக வைக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பையில் வைக்கக் கூடாது. பையின் அடியில் வேர் சுருண்டுவிட்டால் அந்தச் செடி பிற்பாடு எவ்வளவு வளர்ந்தாலும் ஆழத்துத் தண்ணீரைத் தேடிப் போகாது, முதல் கோடையிலேயே தள்ளாடும்.

நடவு

ஒன்றரை அடி ஆழம், ஓர் அடி அகலம் உள்ள குழி போதும். எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள், கூடவே இரண்டு கைப்பிடி மக்கிய உரம். ரசாயன உரம் வேண்டாம். வளமான குழியில் வேர் அந்தக் குழிக்குள்ளேயே சுற்றி வரும். சுற்றியுள்ள கெட்டி மண்ணுக்குள் போக அதற்குத் தேவை ஏற்படாது.

இங்கே ஒரு பரவலான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். ஆவாரை பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆகவே வேரில் நைட்ரஜனைச் சேர்த்து மண்ணை வளமாக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். சென்னா பேரினச் செடிகளில் பொதுவாக வேர்முடிச்சுகள் உருவாவதில்லை. அது மண்ணுக்குத் தருவது தழை. உதிரும் இலையும் வெட்டிப் போடும் கிளையும் நல்ல மூடாக்கு, நெல் வயலில் மிதித்துவிடும் தழையுரமாகவும் இதை நம் விவசாயிகள் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

உயிர்வேலிக்காக நடுவதென்றால் செடிக்குச் செடி இரண்டடி முதல் இரண்டரை அடி. தனிப் புதராக அழகு பார்க்கவேண்டும் என்றால் சுற்றிலும் ஆறடி விடுங்கள். நட்டதும் தூரிலிருந்து நான்கு விரல் தள்ளி, சருகோ சரளைக்கல்லோ மூடாக்காகப் பரப்புங்கள்.

தண்ணீர்: முதல் ஆண்டு ஒரு விதம், பிறகு வேறு விதம்

மழைக்காலத்தில் நட்ட செடிக்கு மழையே போதும். இடையில் மழை நின்றால் முதல் மாதம் நான்கு நாளுக்கு ஒருமுறை ஊற்றுங்கள். தை முதல் பங்குனி வரை வாரம் ஒருமுறை. சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் பத்து நாளுக்கு ஒருமுறை, ஆனால் ஒரு செடிக்கு ஒரு குடம் நிறைய. வெயில் ஏற ஏற இடைவெளியைக் குறைக்கத்தான் மனம் சொல்லும். இங்கே இடைவெளியைக் கூட்டி அளவைக் கூட்டுகிறோம். தினம் அரைச் செம்பு ஊற்றினால் மேல் மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே தங்கும். பத்து நாளுக்கு ஒரு குடம் ஊற்றினால் ஈரம் கீழே இறங்கும், வேரும் அதைத் துரத்திக்கொண்டு இறங்கும்.

மாலையில் இலைகள் கூம்பியிருப்பதைப் பார்த்துப் பதறி வாளியைத் தூக்காதீர்கள். ஆவாரையின் சிற்றிலைகள் இரவில் மடங்குவது இயல்பு. உச்சி வெயிலில் கொஞ்சம் சோர்வதும் இயல்பே. விடிந்து ஒரு மணி நேரம் கழித்தும் இலை விரியாமல் தொங்கினால்தான் அது உண்மையான தாகம். கீழ் இலைகள் மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால் அது தண்ணீர் மிகுதி. அப்போது செய்யவேண்டியது ஒன்றே, ஊற்றுவதை நிறுத்துவது.

இரண்டாவது வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். இதைச் செய்ய மனம் வராது, எனக்கும் வரவில்லை. இரண்டாம் ஆண்டுச் சித்திரையில் என் வேலியில் பாதிக்கு ஊற்றினேன், பாதியை விட்டுவிட்டேன். ஊற்றிய பாதி இலை மண்டிக் கிடந்தது. விட்ட பாதி குட்டையாக, இறுக்கமாக இருந்தது. அடுத்த மழையில் இந்த இரண்டாவது பாதிதான் முதலில் பூத்தது.

கவாத்து

நாற்று முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளைகள் வரும். பூங்கொத்துகள் புதிய கிளைகளின் நுனியில் வருவதால் ஆண்டுக்கு ஒருமுறை வெட்டினால்தான் புதர் பூத்துக் குலுங்கும். ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன்னால், மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைக்கலாம். கொங்குப் பகுதியில் பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் ஒடிப்பார்கள். உங்கள் செடியிலிருந்தே ஒடித்துக்கொள்ளுங்கள், அதுவும் லேசான கவாத்துதான். சந்தைக்காக மேட்டு நிலங்களில் வேரோடு பிடுங்கப்படும் செடிகளில் சிலவாவது பிழைக்கும்.

தூர் பருத்து, அடியில் இலையற்றுப்போன பழைய செடியைத் தரையிலிருந்து ஓர் அடி விட்டு வெட்டினால் புதிதாகத் தழைக்கும். தோல் பதனிடுபவர்கள் இந்தப் பண்பை நன்றாக அறிந்திருந்தார்கள். ஆவாரம்பட்டையில் துவர்ப்பொருள் மிகுதி. சென்னை மாகாணத்தின் தோல் தொழில் ஒரு காலத்தில் இந்தப் பட்டையை நம்பியே நடந்தது. பிறகு வாட்டில் என்ற அயல்நாட்டு மரத்தின் பட்டை அந்த இடத்தைப் பிடித்தது. அதற்காக நீலகிரியிலும் பழனி மலையிலும் நட்ட வாட்டில் மரங்கள் இன்று அங்குள்ள புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. சொந்த மண்ணின் புதரை விட்டதற்கு மலை கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பூச்சிகள்

மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், போகாவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசல். அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

இலையைத் தின்னும் பச்சைப் புழுக்களைக் கொல்லவேண்டாம். வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாகத் தோட்டத்தில் பறக்கும் பட்டாம்பூச்சிகளின் பிள்ளைகள் அவை. சில நாளில் கூட்டுப்புழுவாகிவிடும், செடியும் மீண்டும் துளிர்க்கும். மருந்தடிக்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் உண்டு. அதுவும் உப்புச்சீசா போல நுனியில் துளையுள்ள பைகளுக்குள் இருக்கும். கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய தச்சுத்தேனீ பூவைக் கட்டிப்பிடித்துச் சிறகுத் தசைகளை அதிரவைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே கொட்டும். காலை ஏழெட்டு மணிக்குப் பூத்த புதருக்குப் பக்கத்தில் நின்றால் அந்த 'ர்ர்ர்' ஒலி காதில் விழும், சாதாரணமாகப் பறக்கும் ஓசையைவிடக் கூர்மையாக. அந்த வண்டு வராவிட்டால் காயும் குறைவு, விதையும் குறைவு.

மாடியில் தொட்டியில் வளருமா?

வளரும், மனநிறைவு தராது. ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டி, அடியில் பெரிய துளைகள், பாதிக்குப் பாதி மணல் கலந்த மண் வேண்டும். தொட்டியில் வேர் ஆழம் போக முடியாது என்பதால் தண்ணீர் இல்லாமல் இருக்கும் அதன் திறமை அங்கே கைகொடுக்காது, கோடையில் வாரம் இருமுறை ஊற்றியே ஆகவேண்டும். நிலம் இருப்பவர்கள் நிலத்திலேயே வையுங்கள்.

பூவும் விதையும்

இரண்டாம் ஆண்டில் பெரும்பாலான செடிகள் பூத்துவிடும். காலையில் பறித்து நிழலில் உலர்த்தி வைத்தால் தேநீராகக் காய்ச்சலாம், இலங்கையில் ரணவரா தேநீர் பழக்கமான மூலிகைப் பானம். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழியை நம்பி நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவறைச் செய்யாதீர்கள். மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடர்ந்து குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாலையோரச் செடியின் பூவில் வண்டிப் புகை படிந்திருக்கும், குடிக்க அது வேண்டாம்.

எல்லாப் பூவையும் பறித்துவிடாமல் நாலைந்து கொத்துகளைக் காய்க்க விடுங்கள். காய் பழுத்ததும் விதையை எடுத்து, துளையுள்ளதைக் கழித்து, சின்னக் காகித உறைகளில் போட்டு அக்கம்பக்கத்தில் கொடுங்கள். உறையின் மேல் மறக்காமல் எழுதுங்கள்: "கொதி அடங்கிய வெந்நீரில் ஓர் இரவு ஊறட்டும். ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள் ஊன்றவும்."